ஆறு மணிக்கு மேல் ஒரு தம்ளர் தண்ணீர்

மெத்தை மறுபடியும் மாடிக் கைப்பிடிச் சுவரில் காய்ந்துகொண்டிருந்தது.

"இந்த மாசத்துல இது நாலாவது தடவை, அத்தை!" மருமகள் துடைப்பத்தைச் சுவரோரம் எறிந்தாள். "பச்சைக் குழந்தைக்குக்கூட சொன்னா புரியும். ஆறு மணிக்கு மேல தண்ணி குடிக்காதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். திருட்டுத்தனமா குடிக்கிறீங்களா?"

"இல்லம்மா... ஒரு சொட்டுகூட..."

"அப்ப வீட்டுக்குள்ள மழை பெஞ்சுதா? 'உங்க வீட்ல கைக்குழந்தை இருக்கா'ன்னு கீழ் வீட்டுக்காரி கேக்கறா. நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு பதில் சொல்றது!"

அம்மா தலைகுனிந்து நின்றாள். தண்ணீர் இல்லாமல் உதடு வெடித்துக் கிடந்தது. எதிரே கண்ணாடி முன்னால் அவள் கணவர் காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். பன்னிரண்டு மாடி அலுவலகக் கட்டடத்தில் முப்பத்தோரு வருஷமாக லிஃப்ட் இயக்குபவர். வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். நேற்று இரவுகூட ஒன்பது மணிக்கு மருமகள் அவருக்குப் பெரிய தம்ளர் நிறைய டீ போட்டுக் கொடுத்தாள். மாமாவிடம் அவளுக்கு அவ்வளவு மரியாதை.

மெத்தையை நனைத்தது அவர்.

மூன்று மாதத்துக்கு முன்னால், முதல் முறை நடந்தபோது, மெத்தை ஓரத்தில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். "பையன் முன்னாடி நான் எப்படி நிப்பேன், இவளே..." என்றார். அவர் அழுது அவள் பார்த்ததில்லை. "நீங்க வாயத் திறக்காதீங்க. நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து இரவில் நாலு தடவை, ஐந்து தடவை அவர் எழுந்தால் அவளும் டார்ச்சோடு எழுந்தாள். கழிப்பறை போய்ச் சேர முடியாத நாள்களில் விரிப்பை உருவி, "நான்தாம்மா" என்று முன்னால் வந்து நின்றாள்.

மகன் தொண்டையைக் கனைத்தான். அவன் வேன் ஓட்டுபவன். கண்கள் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன. "அம்மா, தப்பா நெனைக்காத. மெயின் ரோட்டுல ஒரு ஹோம் இருக்கு. ராத்திரி பாத்துக்க ஆள் இருக்காங்களாம். நாங்க ரெண்டு பேருமே வேலைக்குப் போறவங்க... கொஞ்ச நாளைக்குத்தான். பத்து மணிக்கு வண்டி எடுத்துட்டு வரேன்."

அம்மா கணவரைப் பார்த்தாள். ஒரே ஒரு வார்த்தை! கடைசிப் பொத்தானில் அவர் விரல் நின்றது. பிறகு சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

மகன் சொன்னதை அவளால் தாங்க முடிந்தது. படிக்கட்டில் இறங்கிப்போன அந்தச் செருப்புச் சத்தத்தைத்தான் தாங்க முடியவில்லை. கடவுளே, இந்தப் பழியை யாரும் என் தலையில் கட்டவில்லையே... நானேதானே எடுத்துப் போட்டுக்கொண்டேன். இப்போது யாரைக் குற்றம் சொல்ல?

நாலு துணி, சீப்பு, ஜெப மாலை. அதற்கு மேல், தனக்கென்று மருமகள் வாங்கிவைத்த பிளாஸ்டிக் விரிப்பையும் மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு மருமகளைக் கூப்பிட்டு மாத்திரை அட்டையை நீட்டினாள்.

"மாமாவுக்கு மாத்திரை குடுக்க மறந்துடாதம்மா. இந்தச் சின்ன வெள்ளை மாத்திரை. ராத்திரி சாப்பிட்டதும் குடுக்கணும். இல்லேன்னா கால் வீங்கிடும்."

மருமகள் மருந்துக்கடையில் கவுண்டரில் நிற்பவள். மாமாவின் மாத்திரைகள் அவர் வேலை செய்யும் கட்டடத்து மருத்துவ அறையிலேயே கிடைப்பதால், அந்த அட்டையை அவள் கையில் எடுத்ததே இல்லை. அசட்டையாக வாங்கியவள் பெயரைப் படித்ததும் நிமிர்ந்தாள்.

"ராத்திரியா? யாரு சொன்னது?"

"அவர்தாம்மா. மூணு மாசமா ராத்திரிதான்..."

"ஐயோ, இது நீர் பிரியற மாத்திரை அத்தை! காலையில போடறது. தினமும் அம்பது பேருக்கு நானே கவர்ல சூரியன் படம் போட்டுக் குடுக்கறேன். இதை ராத்திரி போட்டா விடிய விடிய..."

பேச்சு பாதியில் நின்றது. மூன்று மாதம். ராத்திரியெல்லாம் நடையில் கேட்ட காலடிச் சத்தம். ஒன்பது மணி டீ. அவள் பார்வை மாமியாரின் வெடித்த உதட்டில் வந்து நின்றது.

"அத்தை... மெத்தையை நனைச்சது யாரு?"

"நான்தாம்மா. எத்தனை தடவை சொல்றது!"

"அவ இல்ல."

வாசலில் அவர் மூச்சு வாங்க நின்றிருந்தார். பின்னால் வேன் சாவியோடு மகன்.

"நான்டா. நான்தான்... மாத்திரை போட்டா அரை மணிக்கு ஒரு தடவை வருது. லிஃப்டை விட்டுட்டு எங்க ஓடுவேன்? ஒரு நாள் உள்ளயே, பத்து பேர் முன்னாடி..." குரல் உடைந்தது. "அதான் ராத்திரிக்கு மாத்திக்கிட்டேன். டாக்டர்கிட்ட சொல்லக்கூட வெக்கம். இன்னிக்கு லிஃப்ட்ல ரெண்டே தடவைதான் மேல போய் இறங்கினேன். அதுக்கு மேல முடியல. முப்பத்தோரு வருஷத்துல முதல் தடவையா 'வேலை செய்யவில்லை'ன்னு போர்டு மாட்டிட்டு வந்துட்டேன். ஊரையே மேல ஏத்தி விடறேன்... உங்கம்மாவக் கீழ தள்ளிட்டேன்டா!"

மகன் சாவியைப் போட்டுவிட்டு அம்மாவின் காலடியில் உட்கார்ந்து குழந்தைபோல் அழுதான். மருமகளோ, "ஊருக்கெல்லாம் படிச்சுச் சொல்றேன்... வீட்ல ஒரு தடவை கேக்கலையே, அத்தை!" என்று அவளைக் கட்டிக்கொண்டு தேம்பினாள். அம்மா இருவர் தலையையும் தடவிக் கொடுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் மருமகள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கே டாக்டர்கிட்ட போறோம், மாமா. மாத்திரையை நாமளா மாத்தவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. சுகர், பிராஸ்டேட் எல்லாம் பாக்கச் சொல்லுவாங்க. உக்காந்தே வேலை செய்யறதால கால்ல நீர் சேரும். சாயங்காலம் காலைத் தூக்கி வெச்சு உக்காருங்க. ஒன்பது மணி டீ கட்!"

"நடுநடுவே மாத்தி ஆள் போடச் சொல்லி மேனேஜர்கிட்ட நான் பேசறேம்பா" என்றான் மகன்.

அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆனால் மனைவியின் முகத்தைப் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை.

"என்னங்க," என்றாள் அவள் மெதுவாக, "படி இறங்கினப்போ ஒரு தடவை திரும்பிப் பாத்திருக்கலாமே..."

நல்லவர்களின் மௌனமும் ஒருவரைக் கொல்லும் என்பது அன்று அந்த வீட்டுக்குப் புரிந்தது. பை நாள் முழுவதும் வாசலோரமே கிடந்தது. அதைத் திரும்ப உள்ளே எடுத்துவைக்க அவளுக்குக் கை வரவில்லை.

மாலையில் மருமகள் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அம்மா பழக்கத்தில் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"மணி ஏழாயிடுச்சேம்மா..."

"குடிங்க, அத்தை..." தம்ளரை அவள் கைக்குள் வைத்தாள்.

இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தாள் அம்மா. பாதித் தண்ணீர் தொண்டையில் இறங்கியது. பாதி, அழுகையில் கன்னத்தில் வழிந்தது.

அவர் வாசலுக்குப் போய்த் தரையில் உட்கார்ந்தார். பையைத் திறந்து பிளாஸ்டிக் விரிப்பை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். பிறகு அவள் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, மடிக்கத் தெரியாமல் மடித்துத் தன் மடியில் அடுக்கினார்.

வேண்டாம் என்று அவள் தடுக்கவில்லை. எடுங்கள் என்றும் சொல்லவில்லை.