துவைக்காத தலையணை உறை

“எங்கம்மா தலையணை உறையைத் திருப்பிக் குடுங்க மேடம்.”

கேட்டேவிட்டாள். அதை மட்டும் கேட்கவே கூடாதென்று அம்மா கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தாள். “ஆசையா வாங்கிக்கிட்டாங்க. குடுத்ததைத் திருப்பிக் கேட்டா, எந்த மூஞ்சியோட நான் அந்த வீட்டுக்கு வேலைக்குப் போறது, டிகிரி?” குடும்பத்தில் முதல் பட்டதாரி என்பதால் வீட்டில் மகளுக்குப் பெயரே அதுதான். கேலியா பெருமையா என்று இன்றுவரை விளங்கவில்லை.

உறையைக் கொடுத்த நாளிலிருந்து அம்மாவுக்குப் பொட்டுத் தூக்கமில்லை. மாத்திரைக்கும் மசியவில்லை. நடக்கும்போதே சுவரில் முட்டிக்கொள்கிறாள். கண் மட்டும் மூட மாட்டேனென்கிறது.

மேடம் சிரித்தாள். “கிழிஞ்ச துணிக்கா இவ்வளவு தூரம் வந்தே? வா, அது இப்ப என்னவா ஆகியிருக்குன்னு பாரு.”

பின்னறையில் நடுப்பகலிலும் இருட்டு. உடைந்த அலமாரிகளிலிருந்து பிடுங்கிய இழுப்பறைகளைச் சுவர் முழுக்க அடுக்கி, ஒவ்வொன்றிலும் யாரோ பூவேலை செய்த பழைய உறை ஒன்றைப் பஞ்சடைத்து, ஆணியடித்திருந்தாள் மேடம். தலை எண்ணெய்ப் பிசுக்கும் விளக்காத வாயின் வீச்சமும் முகத்தில் அறைந்தன. டிகிரி மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“ஒரு தடவை துவைச்சிருக்கலாமே?”

“கறைதான் கலை. துவைச்சா போயிடும்.”

அம்மா தைத்த நீலப் பூக்களைக் கண்டுபிடித்து விரலை வைத்தாள்.

ஈரம்.

வெதுவெதுப்பான எச்சில், கொழகொழவென்று விரலோடு இழைந்து வந்தது. துணியின் நடுவே தலையளவுக்கு ஒரு பள்ளம். அது மெல்ல ஏறி இறங்கியது.

பக்கத்து இழுப்பறையிலும்.

அதற்கடுத்ததிலும்.

“மெதுவா,” மேடம் கிசுகிசுத்தாள். “தூங்கறாங்க.”

“எங்கம்மா தூக்கத்தையா இங்க அடைச்சு வெச்சிருக்கீங்க?”

“அவ தூங்கி என்ன ஆகப்போகுது? இங்கேன்னா கண்காட்சியில நாலு பேர் பார்ப்பாங்க.”

டிகிரி உறையின் ஓரத்தைப் பற்றினாள். நகம் பெயர, ஆணியோடு பிடுங்கினாள். வாய்க்குள்ளிருந்து இழுத்தெடுத்ததுபோல் உறை சளக்கென்று வந்தது.

எல்லா மூச்சும் ஒரே நேரத்தில் நின்றது.

பள்ளங்கள் ஒவ்வொன்றாக அவள் பக்கம் சாய்ந்தன.

“காலியா விடாதே,” மேடத்தின் குரல் நடுங்கியது. “முழிச்சுக்குவாங்க. உன் கைக்குட்டையாவது வை.”

டிகிரி சுற்றிப் பார்த்தாள். மேடம் பகலில் சாயும் நாற்காலியில் ஒரு குட்டித் தலையணை கிடந்தது. ஓரத்தில் நரைமுடி ஒட்டியிருந்தது.

“அது என்னுது.”

“தெரியும் மேடம். நாலு பேர் பார்க்கட்டும்.”

அதை எடுத்துக் காலியான இழுப்பறைக்குள் திணித்தாள். திணிக்கும்போதே முடிவு செய்துவிட்டாள், யார் கெஞ்சினாலும் திரும்ப எடுப்பதில்லையென்று. அம்மாவின் உறையைச் சுருட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

“எடுத்துடும்மா,” என்றாள் மேடம், இமைக்க முடியாத கண்களோடு பின்னாலேயே வந்து. “எடுத்துடு.”

டிகிரி செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். மேடம் வாசலில் நின்று அழைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே, பின்னறையில், மேடத்தின் குறட்டை ஆரம்பித்தது.