அப்பாவின் கையில் ரசமட்டம்

வாலுவின் அப்பா கொத்தனார். அந்தத் தெருவில் பாதிச் சுவர்கள் அவர் கைபட்டு எழுந்தவை. அந்த வலது கையைத்தான் பக்கவாதம் வந்து முடக்கிப் போட்டது.

வீட்டுக்குப் பின்னால் அவர் கட்டிக்கொண்டிருந்த சின்னச் சுவர், கடைசி வரிசையில் ஒரே ஒரு செங்கல் குறைய, அப்படியே நின்றது.

"யாரும் தொடக் கூடாது. நான்தான் வைப்பேன்" என்று அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்.

வாரத்தில் மூன்று நாள், பள்ளிக்கூடம் விட்டதும் அப்பாவை அக்குபங்சர் பார்க்கும் ஊசி டாக்டரிடம் கூட்டிப்போவது வாலுவின் வேலை. டாக்டரம்மா மயிரிழை போன்ற ஊசிகளை அப்பாவின் முன்கையில் குத்துவார். ஊசிகளில் வயர் மாட்டி, டிபன் டப்பா அளவுள்ள பெட்டியின் திருகைத் திருப்புவார். லேசாகக் கரண்ட் ஓடும். தூங்கிக் கிடந்த விரல்கள் துடிக்கும்.

"குறுகுறுன்னு இருக்கணும். வலிச்சா சொல்லிடுங்க."

"தாங்குவேன், கூட்டுங்க."

"இப்போ?"

"இதெல்லாம் ஒரு கரண்டா? இன்னும் கூட்டுங்க!"

அப்பாவின் காதோரம் வேர்வை வழிந்ததை வாலு பார்த்தாள். எத்தனை செங்கல் சுமந்தாலும் அவர் "கனக்குது" என்று சொன்னதே இல்லை. அப்படிச் சொன்னவனை மறுநாள் மேஸ்திரி வேலைக்குக் கூப்பிடமாட்டார். அந்தப் பழக்கம் இங்கேயும் கூடவே வந்துவிட்டது.

அளவு மீறிய கரண்டால், வீட்டுக்கு வந்ததும் கை கட்டையாய் இறுகிப்போகும். டாக்டரம்மா சொல்லியனுப்பிய, பஞ்சுப் பந்தை அமுக்கும் பயிற்சி நடக்கவே நடக்காது.

மூன்றாவது வாரம் டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கினார். "ஊசி மட்டும் போதாது, பயிற்சியும் வேணும். கை இப்படியே இறுகிட்டுப் போனா அடுத்த வாரத்தோட இதை நிறுத்திடலாம்."

அப்பாவின் தலை கவிழ்ந்தது.

'வலிக்குது டாக்டர், இவர் மறைக்கிறார்' என்று வாலுவுக்கு நுனிநாக்கு வரை வந்துவிட்டது. சொல்லிவிட்டால் அப்பா அப்புறம் இந்த வாசற்படியை மிதிக்கமாட்டார். விழுங்கிக்கொண்டாள்.

அடுத்த முறை அவள் அப்பாவின் வேலைப் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து வந்தாள். கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி. சுவர் மட்டமாக இருந்தால் குமிழி இரண்டு கோடுகளுக்கு நடுவே நிற்கும், சாய்ந்தால் ஓடிவிடும்.

"இங்க என்ன, சுவரா கட்டப்போறோம்?" டாக்டரம்மா சிரித்தார்.

"கைக்கு மட்டம் பாக்கப்போறோம்!"

டாக்டரம்மா அதை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, ஊசிகளில் படாமல் அப்பாவின் புறங்கையில் வைத்தார். திருகைத் திருப்பினார். கை மெல்லத் துடித்தது. குமிழி அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் ஆடி, நடுவுக்கே திரும்பியது.

"ப்பா, வலிக்குதான்னு உங்களை யாரும் கேக்கல. குமிழி எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

"நடுவுல."

திருகு இன்னும் கொஞ்சம் திரும்பியது. மணிக்கட்டு வெடுக்கென்று மடங்கியது. குமிழி ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

"கூட்..." என்று பழக்கத்தில் தொடங்கிய அப்பா குமிழியைப் பார்த்தார். வேலைக்கு வந்த நாளிலிருந்து அந்தக் குமிழியை அவர் எதிர்த்துப் பேசியதில்லை.

"ஓடிப்போச்சு. குறைங்க டாக்டரம்மா."

டாக்டரம்மா வாலுவைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "இந்த ஆளை எனக்கு உதவிக்கு விட்டுட்டுப் போங்க."

"அதெப்படி? அது என் ஆளு!" என்றார் அப்பா.

அன்று மாலை அவர் பஞ்சுப் பந்தை நான்கு முறை அமுக்கினார். மறுவாரம் பத்து முறை.

மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்பா இடது கையால் கலவையைப் பரப்பி, வலது கையால் அந்தக் கடைசிச் செங்கலைத் தூக்கினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தார். வாலு ரசமட்டத்தை வைத்துப் பார்த்தாள்.

"கொஞ்சூண்டுதான் சாயுதுப்பா. பரவாயில்ல."

"சாயுதா? என் சுவத்துலயா?"

செங்கலைப் பெயர்த்தார். மறுபடி கலவை. மறுபடி செங்கல். இம்முறை குமிழி நடுவில் வந்து நின்றது.

அப்பா நிமிர்ந்தார். கொத்துக்கரண்டியை அவளிடம் நீட்டினார்.

"கை கனக்குது வாலு. இதைக் கொஞ்சம் பிடி."

அப்பா வாயிலிருந்து அந்தச் சொல்லை முதன்முதலில் கேட்ட ஆள் தான்தான் என்ற பெருமையோடு, வாலு கரண்டியை வாங்கிக்கொண்டாள்.