பத்துப் பேருக்கு இடம்

அப்பா உட்காரும் கதிரை சுவரோரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி வந்திருந்தது. ஓய்வுபெற்ற கிறேஸ் டீச்சர் அதை மறுபடி ஒட்டிவைத்தாள். அந்த வத்தேகம வீட்டில் அவளைத் தவிர நகர்த்த ஆளில்லை. அப்பா போய் முப்பது வருடமாகிறது.

நவம்பர் மரித்தோரின் மாதம். மாலைச் செபத்தில் குடும்பத்தில் இறந்தவர்களைப் பேர் பேராகச் சொல்ல வேண்டும். எழுதிவைத்து வாசிப்பது அவளுக்கு ஆகாது, அதென்ன பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிடுகிற இடாப்பா? ஆனால் இந்த வருடம் பேர்கள் நழுவின. கண்டியில் தாதியாக இருக்கும் மகள் ஜெஸ்மின்தான் போனில் வழி சொன்னாள்.

"ஒவ்வொருத்தரையும் வீட்டுல ஒரு எடத்துல வச்சிருங்கம்மா. மனசுக்குள்ளயே நடந்து போனா வரிசையா ஞாபகம் வரும்."

வைத்தாள். அப்பா சூசையைக் கதிரையில், அம்மா மரியாயியை அலுமாரியில், புருஷன் அந்தோனிமுத்துவைச் சமைக்கிற குசினி வாசலில். இப்படிப் பத்துப் பேர். ஆறு வயதில் காய்ச்சலில் போன மகனுக்கு மட்டும் இடம் ஒதுக்கவில்லை. அவனை மறந்துவிடுவாளா என்ன?

முதல் வாரம் ஒரு பேரும் தப்பவில்லை. பிறகுதான் அந்தக் காலடிகள் தொடங்கின. தகரத்தில் மழை விடாமல் அடிக்கிற ஆறு மணிக்கு, அப்பாவின் பீடி வாசமும் அலுமாரியின் பூச்சி உருண்டை நெடியும் கலந்து கிடக்கிற கூடத்தில், ஈரமான சின்னக் கால்கள் கதிரையருகே போய் நின்று, அங்கே ஆளிருக்கக் கண்டதுபோல் விலகி, அலுமாரியிடம் போய், அங்கிருந்தும் விலகி, குசினிப் பக்கம் நடந்தன. தினமும் அப்படியே. இடம் தேடின.

இன்று செபத்தின் நடுவில் அவை அவளுக்குப் பின்னால் நின்றன.

"அம்மா, நா எங்க இருக்கட்டும்?"

ஐயோ, என் ராசா. அவன்தான். திரும்பினாள். உயரம் அவனுடையது. நீலக் காற்சட்டை அவனுடையது. முகத்தில் ஒன்றுமில்லை. துடைத்த சிலேட். அவள்தான் துடைத்திருக்கிறாள்.

"எம் பேரச் சொல்லி ஒக்கார வைங்கம்மா."

வாயைத் திறந்தாள். அவன் பேர் வரவில்லை.

"சூசை?"

கதிரை கிரீச்சிட்டது. "இந்தா இருக்கேன்" என்றார் அப்பா.

"அந்தோனி?"

குசினி வாசலில் புருஷன் இருமினான்.

பத்துப் பேரையும் சொன்னாள். பத்து இடத்திலிருந்தும் பதில் வந்தது. வேறு பேர் அவளிடம் இல்லை.

பிள்ளை கூடத்தின் நடுவில் நனைந்து நின்றான். அந்த வெறும் முகத்தை அவளுக்கு நேரே உயர்த்தி, தூக்கச் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டினான்.