கட்டைவிரல் கயிறு

அமாவாசையன்று பிள்ளையார்பாளையத்தில் தறி ஓடாது. அந்த மத்தியான அமைதியில் அம்சா கண்ணை மூடியதும் குறட்டை கேட்டது. கேட்கவே கூடாத குறட்டை. ஒன்பது நாளைக்கு முன்புதான் அவள் புருஷன் தணிகாசலத்துக்குச் சென்னையில் தொண்டை ஆபரேஷன் ஆகியிருந்தது. உள்நாக்கையும் அதைச் சுற்றித் தொங்கிய சதையையும் வெட்டி எடுத்து, இனி தூக்கத்தில் மூச்சு அடைக்காது என்று டாக்டர் சொல்லியனுப்பியிருந்தார்.

பதினோரு வருஷம். குறட்டைதான் அவளைத் தூங்கவிடவில்லை என்று தெரு நினைத்தது. கர்மம், அது நின்றுபோவதுதான் அவளைத் தூங்கவிடவில்லை. இழுத்து இழுத்து வந்து சட்டென்று அறுந்துவிடும். நெஞ்சு அப்படியே நிற்கும். அதற்காகவே பட்டுக் கழிவை முறுக்கிக் கயிறாக்கி, ஒரு முனையைத் தன் மணிக்கட்டிலும் மறுமுனையை அவன் கால் கட்டைவிரலிலும் கட்டிக்கொண்டு படுப்பாள். சத்தம் நின்றால் ஒரு இழு. அவன் திணறி மூச்சு வாங்குவான். ராத்திரிக்கு நாற்பது தடவை, ஐம்பது தடவை.

இன்றும் படுக்கும்போது பழக்கதோஷத்தில் கட்டினாள். அவனே குனிந்து விரலிலிருந்து அவிழ்த்தான். "இனிமேட்டு நீ தூங்கும்மா," என்றான், வெறும் காற்றாய்ப் போன குரலில். அவளுக்கு அழுகை வந்தது. பட்டு நூலைத் தரையில் போட்டு மிதிபட விடுகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. எழுந்து மாடத்தில் வைக்க அலுப்பாக இருந்தது. பாயை ஒட்டித் தறிக்குழி, நெய்கிறவன் காலை விட்டு உட்காரும் பள்ளம். அதற்குள் கைவிட்டு, மிதிகட்டையில் அந்த முனையை முடிந்துவிட்டுச் சாய்ந்தாள்.

குறட்டை அந்தக் குழியிலிருந்துதான் வந்தது. இரண்டு நீள இழுப்பு, ஒரு உடைசல், அதே பழைய குறட்டை. ஈர மண்வாடையோடு ஆஸ்பத்திரி மருந்து நெடியும் மேலே வந்தது. சட்டென்று நின்றது.

பாயில் தணிகாசலத்தின் நெஞ்சும் நின்றது.

அவள் கை தானாக இழுத்தது. குழிக்குள் ஒரு திணறல். பாயில் நெஞ்சு ஏறியது.

"என்னாங்க," என்று தோளைப் பிடித்து உலுக்கினாள். தலை ஆடியது, கண் திறக்கவில்லை. மறுபடி நின்றது. இழுத்தாள். பக்கத்து வீட்டைக் கூப்பிட்டுப் பார்த்தாள். எல்லோரும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். தெருவுக்கு ஓடலாம். ஓடினால் இழுப்பது யார்?

இழுத்தாள். இழுத்தாள். ஜன்னல் வெளிச்சம் சுவரில் ஏறிப் போயிற்று. இமை கனத்தது. பதினோரு வருஷத் தூக்கமும் ஒன்றாக வந்தது. ஒரே ஒரு நிமிஷம், கடவுளே.

விழித்தபோது சத்தமில்லை.

இழுத்தாள். கயிறு கனமில்லாமல் கைக்கு வந்தது. முனை ஈரமாக இருந்தது. முடிச்சை யாரோ நிதானமாக அவிழ்த்திருந்தார்கள்.

பாயில் அவன் வாய் திறந்து கிடந்தது. நெஞ்சு ஏறவில்லை.

குழிக்குள்ளிருந்து, ஆபரேஷனுக்கு முந்தைய அவனுடைய முழுக் குரலில், பிரியமாக வந்தது:

"இனிமேட்டு நீ தூங்கும்மா."