முதலில் அறுந்த அழைப்பு

"ஆம்புலன்ஸ் கேட்டுக் கூப்பிடறவங்க குரல் பாதியில அறுந்து போகுது சார். மூணு வாரமா நானும் தலைகீழா நின்னு பார்த்துட்டேன்." இன்ஜினியரம்மாள் துப்பறிவாளரிடம் சொன்னாள். அவசர அழைப்புகள் போகும் டேட்டா சென்டரின் நெட்வொர்க் அவள் பொறுப்பு. முதலில் அறுந்த அழைப்பில் ஒரு பெண்ணின் முகவரி பாதிதான் கேட்டது. அந்தப் பெண்ணின் கணவர் பிழைக்கவில்லை. காரணம் கேட்டு அந்தப் பெண் தினமும் இன்ஜினியரம்மாளுக்குப் போன் செய்கிறாள்.

துப்பறிவாளர் நிதானமாகக் கேட்டார். "அறுபடாத நாள் ஏதாவது உண்டாம்மா?"

"போன வாரம் ரெண்டு நாள். எனக்குக் காய்ச்சல், லீவு."

"அப்ப இவங்கதான் சார்!" துப்பறிவாளரின் உதவியாளன் துள்ளினான். அவனுக்கு அவசரக்குடுக்கை என்று சும்மா பெயர் வைக்கவில்லை. இன்ஜினியரம்மாளின் முகம் சுண்டிப்போனது.

மூவரும் டேட்டா சென்டருக்குப் போனார்கள். அவள் லாகின் செய்ததும் திரை முழுக்கப் பச்சைப் புள்ளிகள் ஓடின.

"இதெல்லாம் என்ன?" துப்பறிவாளர் கேட்டார்.

"எந்த வழியில நெரிசல்னு பார்க்க நான் அனுப்பற சோதனைத் தரவு. நான் லாகின் பண்ணினாதான் ஓடும். அந்த முதல் அழைப்புக்கு அப்புறம் ஆரம்பிச்சேன். ஒவ்வொண்ணு அறுந்தப்பவும் கூட்டினேன். இப்ப செகண்டுக்கு லட்சக்கணக்குல போகுது."

"நெரிசல்ல யாருக்கு முதல் வழி?"

"நான் முக்கியம்னு குறிச்சதுக்கு, போக்குவரத்தை ஒழுங்குபடுத்தற கண்ட்ரோலர் முதல்ல வழி விடும். அழைப்புகளைக் குறிச்சிருக்கேன். அப்புறம்..." அவள் விரல் பச்சைப் புள்ளிகள்மேல் நின்றது.

"சோதனையையும் குறிச்சிருக்கீங்க. காவலுக்கு விட்ட கூட்டமே வழியை அடைச்சுடுச்சும்மா. அதனாலதான் நீங்க லீவுல இருந்தப்ப எதுவும் அறுபடல."

அவள் சோதனையை நிறுத்தினாள். மாலைவரை ஓர் அழைப்பும் அறுபடவில்லை. அவசரக்குடுக்கை கை தட்டினான்.

அவள் சிரிக்கவில்லை. "முதல் அழைப்பு அறுந்தப்ப இந்தச் சோதனையே கிடையாதே சார். அது எதனால?"

துப்பறிவாளர் பழைய பதிவுகளைத் தேடிப் பார்த்தார். "அன்னைக்கு யாரும் பார்க்கலையேம்மா. ஒரு பதிவும் இல்ல. எனக்குத் தெரியல."

"அது மறுபடி வந்தா? சோதனையைக் குறைச்சு, நிமிஷத்துக்கு ஒரு தடவை மட்டும் அனுப்பிப் பார்க்கட்டுமா?"

"பாருங்க. ஆனா ஒரு குரல் அறுந்துபோக ரெண்டு செகண்ட் போதுமே, நடுவுல அறுந்தா அதுல தெரியாது."

மேசைமேல் அவள் செல்போன் அதிர்ந்தது. கணவரை இழந்த அந்தப் பெண்தான். என்ன சொல்வது என்று அவள் இருவர் முகத்தையும் பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள்.