திருப்பிப் படுக்கவைக்கும் நேரம்

ஒல்லி வாசலில் கழற்றிப்போட்ட செருப்பைத் தடியனின் அம்மா குனிந்து எடுத்து உள்ளே கொண்டுபோனாள். இத்தனை நாளில் அவள் அப்படிச் செய்ததே இல்லை. பிறகு கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

"மழை வரும் போலிருக்கு, நனைஞ்சிடும்பா" என்றாள். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

அறையில் வழக்கமான வாடை: மருந்து, பவுடர், சன்னலே திறக்காத வீட்டின் புழுக்கம். தடியனுக்குக் கீழே விரித்திருந்த காற்று மெத்தை, கட்டிலடியில் மோட்டார் உறுமி உறுமி ஊத, ஒரு பக்கம் உப்பி மறுபக்கம் அமுங்கி, தூங்குகிறவனின் மார்பு போல ஏறி இறங்கியது. படுக்கைப்புண் வராமலிருக்க அந்த மெத்தை. அது போதாதென்று, மகனுக்காக நர்ஸ் வேலையை விட்டுவந்த அம்மா அவனை அவ்வப்போது புரட்டியும் படுக்கவைப்பாள். வகுப்பில் இரண்டு பேர் இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தவன், இப்போது போர்வைக்குள் இருக்கிறானா இல்லையா என்றே தெரியவில்லை. கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. பேச்சும் இல்லை.

விபத்தன்று பைக்கை ஓட்டியது ஒல்லி. லாரியை முந்தப்போனதும் அவன்தான். போலீஸ் கேட்டபோது, தடியன் பிழைக்கமாட்டான் என்று நினைத்து, "அவன்தான் ஓட்டினான்" என்று சொல்லிவிட்டான். தடியன் பிழைத்துக்கொண்டான். அன்றிலிருந்து ஒல்லி பள்ளி விட்டதும் தினமும் இங்கே வந்து உட்கார்ந்துவிடுகிறான். தெருவே அவனை மெச்சியது; அவனுக்குத்தான் சோறு இறங்கவில்லை.

"இப்ப கண்ணால பேசுறான்டா. ஒரு தடவை சிமிட்டினா ஆமா, ரெண்டு தடவைன்னா இல்ல. நேத்தெல்லாம் எங்களுக்குள்ள ஒரே பேச்சு." அம்மா ஒரு தம்ளர் ஜூஸை ஒல்லியின் கையில் கொடுத்தாள். "குடிச்சுக்கிட்டே பேசு. எனக்கு உள்ள வேலை கிடக்கு."

ஒல்லி ஒரே மூச்சில் பாதியைக் குடித்தான். நாக்கில் லேசாகக் கசந்தது.

பக்கத்து அறையில் எதையோ இழுக்கும் சத்தம். கனமான எதையோ.

குனிந்து கிசுகிசுத்தான். "டேய், நான்தான் ஓட்டினேன்னு அம்மாவுக்குத் தெரியுமா?"

ஒரு தடவை.

"கோவமா இருக்காங்களா?"

இரண்டு தடவை.

அப்பாடா என்றிருந்தது. அழுகையே வந்துவிட்டது. "அப்ப, மன்னிச்சுட்டாங்களா?"

இரண்டு தடவை.

தடியனின் பார்வை தம்ளருக்குப் போனது. ஒல்லியின் முகத்துக்கு வந்தது. மறுபடி தம்ளருக்கு.

"இதைக் குடிக்கலாம்ல?"

இரண்டு தடவை. இரண்டு தடவை. நிறுத்தாமல்.

எழுந்தான். எழுந்ததாக நினைத்தான். கால்கள் நாற்காலியோடே இருந்தன. தம்ளர் கையிலிருந்து நழுவியது; விழுந்த சத்தம் எங்கோ தொலைவில் கேட்டது. கத்த வாயைத் திறந்தான். காற்று மட்டும் வந்தது.

அம்மா உள்ளே வந்தாள். அவள் இழுத்துவந்தது இன்னொரு கட்டில். அதைத் தடியனின் கட்டிலோடு ஒட்டிப் போட்டாள்.

"உங்க வீட்ல பேசிட்டேன்பா. கொஞ்ச நாள் இங்கயே இருக்கட்டும்னேன். தாராளமா இருக்கட்டும்னாங்க. இவனுக்கும் உன்னை விட்டா வேற யாரு இருக்கா?"

தடியனின் கண்கள் அவளைத் தேடிச் சிமிட்டின. இல்லை. இல்லை. இல்லை.

"இவனைத் திருப்பிப் படுக்கவைக்கிற நேரமாச்சு" என்றபடி, தோளிலும் இடுப்பிலும் பழகிய கையைக் கொடுத்து, மகனைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள்.

பிறகு காலிக் கட்டிலில் புது மெத்தையை விரித்து மோட்டாரைப் போட்டாள். அது கால்மாட்டிலிருந்து தலைமாடு வரை மெதுவாக உப்பத் தொடங்கியது.