அவளுக்கு வைத்த அளவு

கதவைத் தள்ளியவன் அவன். கதவுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தவள் அவள். இருவர் கையிலிருந்த அட்டைகளும் தரையில் விழுந்தன.

"கண்ணு தெரியலையா?"

"இப்பதாங்க நல்லா தெரியுது..."

முறைத்தாள். மழையில் நனைந்து வந்திருந்தான். இமையில் ஒரு துளி நின்றது. அதைத் துடைக்காமலே குனிந்து அட்டைகளைப் பொறுக்கி, ஒன்றை அவளிடம் நீட்டினான். அவன் முடியை யாரோ கன்னாபின்னாவென்று வெட்டியிருந்தார்கள். முடி வெட்டுவது அவள் தொழில். முதலில் பார்த்தது முடியைத்தான், கண்களை இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பொய்.

அது தசைவலி ஆராய்ச்சிக்கூடம். ஸ்கேன் குழாய்க்குள் படுக்கவைத்து, ஒரு கருவியால் கட்டைவிரல் நகத்தை அழுத்துவார்கள். அப்போது மூளை என்ன செய்கிறது என்று பார்ப்பார்கள். ஒருவருக்கு எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்று போன வாரமே அளந்திருந்தார்கள். அட்டையில் இருக்கும் எண்ணை வைத்துக் கருவியில் அந்த அளவை வைப்பார்கள்.

அவளுக்குக் கழுத்திலும் தோளிலும் நான்கு வருட வலி. எல்லாம் பயம் என்பது வீட்டின் தீர்ப்பு. துணைக்கு வந்த அக்கா இப்போதும் அதையேதான் சொன்னாள்.

"இங்கயும் பயம்னு சொல்லிட்டா உன் முடி வெட்டுற கடையை மூடிடணும். நீதான் ஒத்துக்கிட்டே."

"ஒத்துக்கிட்டேன். ஞாபகம் இருக்கு." கோபத்தில் ஒத்துக்கொண்டது. ஆனாலும் வாக்கு வாக்குதான்.

எதிர் நாற்காலியில் அவன் முழங்கால் ஆடியது.

"உங்களுக்கும் வலியா?"

"இல்லீங்க. ஒப்பிட்டுப் பாக்க வலியில்லாத ஆளு வேணுமாம். நண்பன் கோத்துவிட்டுட்டான். நான் லிஃப்ட் மெக்கானிக்."

"லிஃப்ட் குழியில தொங்குறவருக்குக் குழாயைப் பாத்து நடுக்கமா?"

"அங்க நான் முதலாளிங்க... இங்க பொணம் மாதிரி படுக்கணும்."

சிரித்துவிட்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு.

முதலில் அவனைத்தான் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. ஆனால் வாய் ஓயவில்லை.

"நகத்தைத் தடவுற மாதிரிதாங்க இருக்கு. பயப்படாம போங்க. பயந்தாதான் வலிக்கும்."

"கேட்டுக்கோ," என்றாள் அக்கா. "வெளியாளே சொல்றாரு."

அவள் முகம் இறுகியது. இவனும் அதே கட்சியா... "உங்க அறிவுரையை நீங்களே வெச்சுக்கங்க," என்று எழுந்தாள்.

வாசலில் டாக்டர் அம்மா அவள் அட்டையை வாங்கிப் பார்த்தார்.

"போன வாரம் உங்க தோளைப் பாத்தேனே. இது வலியில்லாதவங்க அட்டை."

அவன் தன் சட்டைப்பையைத் தடவினான். அங்கே இருந்தது அவளுடையது.

"உதவியாளர் எண்ணைப் பாத்திருக்கார், ஆளைப் பாக்கல. எங்க தப்பு." டாக்டர் அவனிடம் திரும்பினார். "இவங்களுக்கு வெச்ச குறைஞ்ச அளவுல உங்களை அழுத்தியிருக்காங்க. உங்களுக்கு மறுபடி செய்யணும்."

அவன் அவளைப் பார்த்தான். "அந்த அளவு உங்களுக்கு எப்படிங்க இருக்கும்?"

"பல்லைக் கடிச்சுக்குவேன்."

தன் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தான். பிறகு அக்காவிடம் திரும்பினான்.

"அக்கா, உள்ள நான் பயந்த பயம் எனக்குத்தான் தெரியும். பயந்தா வலிக்கும்னா நான் அலறியிருக்கணும். தடவுன மாதிரிதான் இருந்துச்சு. நான் சொன்னது தப்பு."

அக்கா டாக்டரைப் பார்த்தாள்.

"இவர் ஒருத்தரை வெச்சு நான் எதுவும் சொல்ல மாட்டேன்," என்றார் டாக்டர். "ஆனா வலியோட இங்க வந்தவங்கள்ல, ரொம்பப் பயப்படுறவங்க மூளையும் பயப்படாதவங்க மூளையும் இதுவரைக்கும் அழுத்தத்தை ஒரே மாதிரிதான் எடுத்துக்குது. பயம் இருந்தா, உடம்பே மோசமாயிடுச்சுன்னு தோணும். அது வேற. பயத்தைக் காட்டி வலியே இல்லைன்னு சொல்ல முடியாது."

அக்கா கைப்பையின் வாரைச் சரிசெய்தாள். "சரி... கடை விஷயத்தை அம்மாகிட்ட நானே பேசுறேன்."

ஸ்கேன் முடிந்து அவள் வெளியே வந்தபோது மழை தூறலாகியிருந்தது. அக்கா வண்டி எடுக்கப் போனாள். தன் இரண்டாவது சுற்றையும் முடித்துவிட்டு அவன் படியருகே நின்றிருந்தான். காத்திருந்தான் என்பது பார்த்தாலே தெரிந்தது.

"இந்தத் தடவை எப்படி?"

"உயிர் போயிடுச்சுங்க. பயம் என்னவோ குறைஞ்சுதான் இருந்துச்சு."

சிரித்தபடி பையைத் தோளில் மாட்டினாள். சுரீரென்றது. வழக்கமாக மறைத்துவிடுவாள்.

"வலிக்குது," என்றாள். சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"எங்க?"

நான்கு வருடமாக எல்லோரும் ஏன் என்றுதான் கேட்டார்கள். அவள் கழுத்திலிருந்து தோள்வரை விரலால் காட்டினாள். அவன் கண்கள் அவசரமில்லாமல் அந்த விரலோடு போயின. பிறகு கையை நீட்டிப் பையை வாங்கிக்கொண்டான்.

"உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு." சொன்னவள் அவள்.

அவன் பையை மார்போடு பிடித்துக்கொண்டான். "இப்படிச் சொல்ல... பயமா இல்லையா?"

"இருக்கு. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"எனக்கும்..."

"எது, பயமா?"

"ரெண்டும்தாங்க."